மாப்பிள்ளைக்கு முன் மண்டபம்

கேள்வி: ஐயா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நானும் கல்லூரியில் படிக்கும் என் தம்பியும் ஒரே கம்ப்யூட்டரில்தான் விளையாடுகிறோம். 2017-இல் வாங்கியது: இன்டெல் ஐ5-7400, பி250 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). 2021-இல் பழைய ரேமை எடுத்துவிட்டு தலா 8 ஜிபி உள்ள டிடிஆர்4-3200 ரேம் ஜோடி ஒன்று போட்டேன். தம்பி வேலரண்ட் ஆடுகிறான். எனக்குப் பெரிய கதை விளையாட்டுகள் பிடிக்கும். கூட்டமான காட்சி வந்தால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. விண்டோஸ் 11-உம் ஏற மறுக்கிறது. கடையில் கேட்டபோது இசட்790 மதர்போர்டு, ஐ5-14400எஃப் பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்5 ரேம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போர்டுக்கே போகிறது. "நல்ல போர்டாகப் போட்டால் பத்து வருடம் தாங்கும்" என்கிறார்கள். தீபாவளிக்கு ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இருக்கிறது. எந்த மதர்போர்டு வாங்கலாம்? பழைய போர்டை என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

அந்தச் சீட்டைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: மாப்பிள்ளை யாரென்று முடிவாகும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். மதர்போர்டு என்பது மற்றவர்கள் வந்து உட்காரும் இடம். அது தானாக ஒரு பிரேம்கூடக் கூட்டித் தராது. உங்கள் தம்பியின் ஆட்டத்தில் வேகம் கூட்டுவது பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும். உட்காரப் போகிறவர்கள் யார் என்று தெரிந்த பிறகு, அவர்களுக்குப் போதுமான இடத்தைப் பிடித்தால் போதும். "எந்த போர்டு?" என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் விஷயத்தில் அதற்கான பதில் ஏற்கெனவே உங்கள் கேபினட்டுக்குள் செருகியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கடைச் சீட்டு. இசட் வரிசை போர்டுக்குக் கூடுதல் விலை எதற்கென்றால், முக்கியமாக பிராசஸரை ஓவர்கிளாக் செய்யும், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதிக்கு. பெயரில் 'கே' எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களுக்குத்தான் அது பொருந்தும். 14400எஃப்-இல் அந்த எழுத்து இல்லை. பூட்டிய அறைக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது போன்ற ஏற்பாடு இது. இசட் போர்டில் யுஎஸ்பி, எம்.2 இடங்கள் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஒரே ஒரு எஸ்எஸ்டி வைத்திருக்கிற வீட்டில் அவை தூசி பிடித்துக் கிடக்கும். அதே பிராசஸர் பி760 என்ற சாதாரண போர்டிலும் அதே வேகத்தில் ஓடும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அலமாரியில் இருப்பதை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

"பத்து வருடம் தாங்கும்" என்ற பேச்சு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. போர்டு எரியாமல் இருப்பது வேறு, அடுத்தடுத்த பிராசஸர்களை ஏற்றுக்கொள்வது வேறு. இசட்790-இல் இருக்கும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இன்டெல் எல்ஜிஏ1851 என்ற புதுச் சாக்கெட்டைக் கொண்டுவந்துவிட்டது. வாங்கும்போதே வரிசை முடிந்துபோன போர்டை வருங்காலத்துக்கென்று விற்கிறார்கள். உங்கள் பி250 இதற்கு நல்ல சாட்சி. அது வெளிவந்தது 2017 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரில் 8-ஆம் தலைமுறை வந்தது. சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ1151. பிராசஸர் அதில் ஒழுங்காகப் போய் உட்காரும், ஆனால் ஓடாது. 300 வரிசை சிப்செட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் நடந்தது நேர்மாறு. 2017-இல் மலிவாக விற்ற பி350 போர்டுகள் பலவற்றுக்கு 2022-இல் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கொடுத்து ரைசன் 5000 வரிசை பிராசஸர்களையும் ஏற்க வைத்தார்கள். ஆக, ஒரு போர்டின் வருங்காலம் அதன் விலையில் இல்லை. கம்பெனியின் மனதில் இருக்கிறது.

இப்போது கேபினட்டுக்குள் இருக்கும் பதில். உங்கள் ரேம்.

3200 வேகத்தில் ஓடக்கூடிய ஜோடி அது. உங்கள் பி250 போர்டும் ஐ5-7400-உம் 2400-க்கு மேல் அதை ஓட விடவில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்த ரேம் தன் முழு வேகத்தில் ஒரு நாள்கூட ஓடியதில்லை! பொருத்தமான போர்டில் போட்டு, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் (சில அசூஸ் போர்டுகளில் அதற்குப் பெயர் டிஓசிபி) காசு செலவில்லாமல் 3200 கிடைக்கும்.

இரண்டாவது காரணம் விலை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது, சாதாரண ஏற்றமல்ல. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரியில்தான் லாபம் என்று தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. குரூஷியல் என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் கையில் நல்ல 16 ஜிபி இருக்க, அதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு டிடிஆர்5 வாங்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. கையில் ரேமே இல்லாமல் புதிதாகக் கட்டும் ஒருவர் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5 சாக்கெட், பி650 அல்லது பி850 என்று சொல்லியிருப்பேன். அந்த சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் கொண்டுபோவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது டிடிஆர்4 ஏற்கும் போர்டு. இரண்டு வழிகள். ஒன்று, ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட் உள்ள பி550 போர்டும் ரைசன் 5 5600 பிராசஸரும். மற்றது, பி760 போர்டின் டிடிஆர்4 வகையும் ஐ5-12400எஃப்-உம். இரண்டு பிராசஸர்களிலும் 6 கோர் (வேலை செய்யும் மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). உங்களிடம் இருப்பதில் 4 கோர், 4 திரெட் மட்டும். கூட்டமான காட்சியில் படம் திக்குவதற்குப் பெரும்பாலும் அந்த நான்குதான் காரணம். வேலரண்ட் கிராபிக்ஸ் கார்டைவிடப் பிராசஸரையே அதிகம் நம்பும் ஆட்டம் என்பதால், பழைய 1060-ஐ வைத்துக்கொண்டே தம்பிக்கு முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

இன்டெல் வழியில் போனால் ஓர் எச்சரிக்கை. பி760 போர்டுகளில் ஒரே பெயரில் இரண்டு வகை வரும், ஒன்று டிடிஆர்4, மற்றது டிடிஆர்5. பெரும்பாலும் பெயரின் வாலில் 'டி4' என்று இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். இரண்டு ரேமுக்கும் 288 பின்கள்தான் என்றாலும், நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் இறங்காது. இறங்கவில்லையே என்று இன்னும் அழுத்தியவர்களின் போர்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

என் தேர்வு பி550-உம் 5600-உம். ஏஎம்4-உம் முடிந்துபோன வரிசைதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், தெரிந்தேதான் சொல்கிறேன். கூடுதல் பணம் வாங்காமல் முடிந்த வரிசையைத் தருவது ஒன்று, வருங்காலம் என்று சொல்லி விலை ஏற்றி அதையே தருவது மற்றொன்று. மூன்று நான்கு வருடம் இதில் நன்றாக விளையாடுங்கள். ரேம் விலை இறங்கிய பிறகு போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றலாம். 5060 கார்டு அப்போதும் கூட வரும்.

அந்த 5060-ஐ நினைத்துத்தான் பி550 என்று அழுத்திச் சொல்கிறேன். கடையில் ஏ520 அல்லது பி450 போர்டைக் காட்டி, "இதிலும் 5600 ஓடும், விலை குறைவு" என்பார்கள். ஓடும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு உட்காரும் நீளமான ஸ்லாட்டில் 16 பாதைகள் இருந்தாலும், 5060 கார்டு பயன்படுத்துவது 8 பாதைகளை மட்டும்தான். ஏ520, பி450 இரண்டிலும் அந்தப் பாதைகள் பிசிஐஇ 3.0 வேகத்தில் ஓடும் (கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் வழிக்குப் பெயர் பிசிஐஇ). அதாவது எட்டும் சேர்ந்து ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. பி550-இல் பிசிஐஇ 4.0 என்பதால் அது இரட்டிப்பு, சுமார் 16 ஜிபி. இது எப்போது உறைக்கும்? 5060-இல் இருப்பது 8 ஜிபி மெமரி. நீங்கள் ஆடும் பெரிய கதை விளையாட்டில் காட்சித் தரத்தைக் கூட்டி வைத்தால் அது நிறைந்துவிடும். மிச்சத்தை கார்டு கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இந்தப் பாதை வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் மறுபடியும் அதே திக்கல். வேலரண்டில் இது தெரியாது. உங்கள் ஆட்டத்தில் தெரியும்.

இதிலேயே இன்னொரு பொறி. பி550 போர்டை வாங்கிவிட்டு, "5500-உம் 5600-உம் ஒன்றுதான், நூறு எண்தான் வித்தியாசம்" என்ற பேச்சை நம்பி 5500-ஐ வாங்கி வருகிறவர்கள் உண்டு. 5500-உம் 5600ஜி-யும் எந்த போர்டில் போட்டாலும் பிசிஐஇ 3.0-தான். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேச் மெமரியும் பாதி: 5600-இல் 32 எம்பி, அந்த இரண்டிலும் 16 எம்பி. போர்டுக்குக் கொடுத்த பணம் வீணாகிவிடும். பெட்டியில் வெறும் '5600' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பி550 போர்டுகளிலேயே எதை எடுப்பது? மாடல் பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். கடையில் இந்த வாரம் இருப்பது அடுத்த வாரம் இருக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

சாக்கெட்டை ஒட்டி, பின்பக்க போர்ட்டுகளுக்கும் பிராசஸருக்கும் நடுவில், சிறு சிறு சதுரச் சில்லுகள் வரிசையாக இருக்கும். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுப்பவை அவை. விஆர்எம் என்பார்கள். அவற்றின் மேல் உலோக ஹீட்சிங்க் இருக்கட்டும். 5600 ஒரு 65 வாட் பிராசஸர், அதிகம் கேட்காது, ஹீட்சிங்க் இல்லாவிட்டாலும் ஓடிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். போர்டுகளைச் சோதித்து எழுதுகிறவர்கள் பலரும் ஏசி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். மே மாதம் மதியம் மாடி அறையில் மின்விசிறிக் காற்றில் ஆடுகிறவனின் கேபினட்டுக்குள் கதை வேறு. பின்னால் 8 கோர் 5700எக்ஸ் போட ஆசை வந்தாலும் அந்த ஹீட்சிங்க் கைகொடுக்கும்.

ரேம் ஸ்லாட் நான்கு இருக்கட்டும். இரண்டு மட்டும் உள்ள மலிவு போர்டை எடுத்தால், நாளை 32 ஜிபி வேண்டுமென்றால் இருக்கும் இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். நான்கு ஸ்லாட்டில் இப்போதைய ஜோடியை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டு வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

மூன்றாவது, பின்பக்கத்தில் பயாஸ் ஏற்றும் பொத்தான். பி550 போர்டுகள் 2020 ஜூனில் வந்தன. 5600 வந்தது 2022 ஏப்ரலில். குடோனில் நெடுநாள் கிடந்த போர்டுக்கு 5600 யாரென்றே தெரியாமல் இருக்கலாம். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அந்தப் பொத்தான் இருந்தால் யுஎஸ்பி டிரைவில் புதிய பயாஸை வைத்து நாமே ஏற்றிவிடலாம். டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்க வேண்டும், கோப்பின் பெயரை போர்டுடன் வரும் கையேடு சொல்கிறபடி மாற்ற வேண்டும். எம்எஸ்ஐ இதை ஃபிளாஷ் பயாஸ் என்கிறது, ஜிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது, அசூஸ் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது. பொத்தான் இல்லாத போர்டுதான் கிடைக்கிறது என்றால், கடையிலேயே 5600-ஐப் போட்டுத் திரையில் படம் வருவதைக் காட்டச் சொல்லி, பிறகு பணம் கொடுங்கள்.

விளக்கு அலங்காரம், கவசம் மாதிரியான உலோகத் தகடு, 2.5 கிகாபிட் லேன் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். வைஃபை உள்ள போர்டு வேண்டுமா என்பது ரூட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், வேலரண்டுக்கு அதுதான் நல்லது. உங்கள் கேபினட் சின்னதாக இருந்தால் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவே போதும்.

போர்டைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் எஸ்எம்பிஎஸ். 2017-இலிருந்து உழைத்துவிட்டது. அதன் பிராசஸர் ஒயரைப் பாருங்கள். 4 பின் மட்டும் இருக்கிறதா, நான்கும் நான்குமாக 8 பின் இருக்கிறதா? பி550 போர்டுகள் பலவற்றில் 8 பின் இடம் இருக்கும். எதுவாக இருந்தாலும் 5060 வரும் முன் நல்ல பெயருள்ள 550 வாட் பிரான்ஸ் தரச் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். இசட்790-இல் மிச்சமாகும் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

இரண்டு விஷயங்கள் எல்லோரையும் பயமுறுத்தும், முன்பே சொல்லிவைக்கிறேன். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐ-யில் சொருகினால் எதுவும் வராது, 1060 கார்டில்தான் சொருக வேண்டும். "புது போர்டு செத்துவிட்டது" என்று என்னிடம் வந்த பெட்டிகளில் சில, கேபிளை இடம் மாற்றியதும் உயிர் பெற்றவை. அடுத்தது, கேபினட் தட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள். புது போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இல்லாத குமிழ் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது போர்டின் முதுகில் பட்டு ஷார்ட் ஆகும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒரு வாடிக்கையாளரின் போர்டைக் கொன்றுவிட்டு, இரண்டு மாதச் சம்பளத்தில் ஈடு கட்டினேன்.

விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உங்கள் 7-ஆம் தலைமுறை ஐ5 இல்லை, 5600 இருக்கிறது. பயாஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையும் இயக்குங்கள். விண்டோஸ் 11-இல் இவை இரண்டும் இல்லாமல் வேலரண்ட் திறக்காது. எஃப்டிபிஎம் காரணமாக ஆட்டம் அவ்வப்போது திக்கும் குறை ஏஎம்4 போர்டுகளில் இருந்தது, 2022 மே முதல் வந்த பயாஸ்களில் சரிசெய்துவிட்டார்கள். அதனால் பயாஸைப் புதுப்பித்துவிட்டே தொடங்குங்கள். உங்கள் விண்டோஸ் உரிமம் ஓஇஎம் வகை (கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது) என்றால் அது பழைய போர்டோடு கட்டப்பட்டது, புது போர்டுக்கு வராது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால் மாற்றலாம். கடையில் "போட்டுக் கொடுத்த" விண்டோஸ் என்றால் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. போர்டைக் கழற்றும் முன் கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்து வையுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பில்லில் போர்டின் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி பெரும்பாலும் மூன்று வருடம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் பழைய போர்டு. ரேம் புதுப் போர்டுக்குப் போய்விடுவதால் பி250-உம் ஐ5-7400-உம் மட்டும் மிஞ்சும். 2021-இல் கழற்றிய பழைய ரேம் எங்காவது டப்பாவில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், அந்த ஐ5-க்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமல் லினக்ஸ் போட்டு வீட்டுக் கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் ஒரு பெட்டி தயார். விற்பதென்றால் பிராசஸரோடு சேர்த்து விற்றால்தான் யாராவது வாங்குவார்கள். பிராசஸரைத் தனியாக எடுத்தால், வாங்கிய அன்று போர்டின் சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை மறுபடி மாட்டி வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் 1151 பின்களில் ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பைதான். அந்த மூடியை எப்போதோ தூக்கி எறிந்திருப்பீர்கள், எல்லோரும் எறிந்துவிடுகிறார்கள். அப்படியானால் பிராசஸரில் கை வைக்காமல், இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள்.